ஐசியூவின் கேள்வித்தாள்

“நீ யாரு? எங்கேருந்து வர்றே? எதுக்குப் போறே?”

காலை எட்டரை மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் முதல் படுக்கை அருகே நின்று அவர் இப்படி விசாரித்துக்கொண்டிருப்பது நோயாளியை அல்ல. நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். விசாரணை டிரிப் குழாயோடு. கம்பியில் தொங்கும் பையில் விரலை வைத்து, அங்கிருந்து குழாயைத் தடவிக்கொண்டே இறங்கி, பம்பைக் கடந்து, மூன்று குழாய்கள் பின்னிக் கிடக்கும் இடத்தில் நின்று சிக்கெடுத்து, அது நோயாளியின் கைக்குள் நுழையும் இடம்வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த குழாய்க்கு வருவார். பத்துப் படுக்கைகள், படுக்கைக்கு ஐந்தாறு குழாய்கள், எல்லாவற்றுக்கும் அதே மூன்று கேள்விகள். புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸுகள் முதல் நாள் அவரைப் பார்த்துப் பயந்துபோவார்கள். இரண்டாம் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு மாதத்துக்குள், யாரும் பார்க்காத நேரத்தில், அவர்களும் குழாயோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மருந்தாளுநர். நாற்பத்து நான்கு வயதுப் பெண்மணி. நோயாளிகளின் உறவினர்கள் அவரை “நீங்க யாரு?” என்று கேட்காத நாளே கிடையாது. “மருந்தைப் பாத்துக்கறவங்க” என்பார். “ஓ, மருந்துக் கடையா?” என்பார்கள். “கடை கீழ இருக்கு. நான் மேல இருக்கேன்” என்பார். இதற்கு மேல் விளக்கம் கேட்டால் விளக்கத் தயாராகத்தான் இருக்கிறார். கேட்டவர்கள்தான் தாங்க மாட்டார்கள்.

ஐசியூவில் அவருக்கு ‘கேள்வித்தாள்’ என்று பெயர். வெள்ளைக் கோட்டின் மேல்பையில் பச்சை மைப் பேனாக்கள் மூன்று, கீழ்ப்பையில் நூல் கட்டிய கால்குலேட்டர், இன்னொரு பையில் மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி என்று அவர் நடந்துவரும்போது, ரப்பர் செருப்பு ‘கீச் கீச்’ என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் “கேள்வித்தாள் வருது” என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்த மறுநாளே தலைமை நர்ஸைப் பிடித்து, “கேள்வித்தாள்னா எல்லாருக்கும் பயம் இருக்கணும். உங்ககிட்டேருந்து எனக்கு அந்த மரியாதை வரல பாருங்க” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அவர் பேசும் விதத்தில் ஒரு விசேஷம் உண்டு. எதிரில் நிற்பவர் எவ்வளவு உயரமானாலும், கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, மார்பு உயரத்துக்குக் குனிந்து, உரத்த குரலில்தான் பேசுவார். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் மருந்தகத்தில் பதினேழு வருடம் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர் அவர். கண்ணாடியில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பேச்சு, சீட்டு, மருந்து மூன்றும் அதன் வழியேதான் போய்வர வேண்டும். கண்ணாடியை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. ஓட்டை மட்டும் அவரோடேயே வந்துவிட்டது. பெரிய டாக்டரிடம் பேசும்போதும் அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

ஐசியூவில் ஒரு மருந்தாளுநர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தபோது முதலில் அனுப்பப்பட்டவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் ஒரு வாரத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். இன்னொருவர் பெரிய டாக்டர் கத்திய கத்தலில் அன்று மதியமே வயிற்றுவலி என்று கிளம்பிப் போனவர், திரும்பவே இல்லை. மூன்றாவதாக இவரை அனுப்பியதற்குக் காரணம் திறமை என்று இவர் நம்புகிறார். மருந்தகத்து மேலாளர் சொல்லும் காரணம் வேறு: “அவங்க ஒரு சீட்டுக்குப் பத்துக் கேள்வி கேப்பாங்க. வரிசை வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிடும். பஸ்ஸுக்கு நிக்கிறவங்ககூட எங்க வரிசைல நிக்கிறாங்கன்னு புகார் வந்துச்சு.”

போன இடத்தில் சும்மா நிற்க முடியவில்லை. தீவிர சிகிச்சைக்கான மருந்தியல் பயிற்சி இரண்டு வருடம். திங்கள்தோறும் காலையில் வகுப்பு, மாதம் ஒரு தேர்வு. வகுப்பில் மற்றவர்களெல்லாம் அவர் வயதில் பாதி. சிறுநீரகம் பாதி வேலை செய்கிறவருக்கு மருந்தை எப்படிக் குறைப்பது, கல்லீரல் கெட்டவருக்கு எதைத் தொடவே கூடாது, எந்த இரண்டு மருந்துகளை ஒரே குழாயில் விட்டால் உள்ளே பால் திரிந்தாற்போல் ஆகிவிடும் என்று நாற்பத்திரண்டு வயதில் உருப்போட ஆரம்பித்தார். பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் மகளும் அவரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். அம்மாவின் மதிப்பெண் பட்டியலில் மகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். “இன்னும் கவனம் தேவை” என்று ஒரு குறிப்பும் எழுதினாள்.

வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போவதில்லை. அதாவது, போனாலும் சொல்வதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவருடைய கணவரின் தொழில். எப்படிப்பட்ட கற்றுக்குட்டியின் பக்கத்திலும் அசராமல் உட்காருபவர். அவர் சொல்வார்: “தலைவலின்னு ஒரு தடவை சொல்லிட்டேன். எப்பலேருந்து, எந்தப் பக்கம், நேத்து என்ன சாப்பிட்ட, கடைசியா எப்ப கண்ணு டெஸ்ட் பண்ணினன்னு கேட்டுக் கேட்டு, பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள தலைவலியே சலிச்சுப்போய்க் கிளம்பிடுச்சு. மாத்திரை மட்டும் கடைசிவரைக்கும் கையில வரல.” சத்து மாத்திரை ஒன்றை அவர் காரின் டேஷ்போர்டு பெட்டியில் ஒளித்துவைத்திருப்பதும், அது இவருக்குத் தெரியும் என்பதும், தெரியும் என்பது அவருக்குத் தெரியாது என்பதும் அந்த வீட்டின் அமைதிக்கு அடிப்படை.

ஐசியூவின் பெரிய டாக்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. காலை பத்தரைக்குப் பரிவாரத்தோடு நோயாளிகளைப் பார்க்கக் கிளம்புவார். படுக்கைக்கு நான்கு நிமிடம். நடுவில் யாரும் பேசக் கூடாது. இவர் வந்த முதல் நாள், மூன்றாவது படுக்கையில், நான்கு நிமிடம் முடிகிற தறுவாயில், அவருடைய இரண்டாவது பொத்தானுக்கு எதிரே ஒரு குரல் ஒலித்தது.

“சார், இந்த அல்சர் ஊசி எதுக்கு?”

“இங்க எல்லாருக்கும் போடறதுதான்.”

“எல்லாருக்கும் போடறது சரி சார். இவருக்கு எதுக்கு? இவரு நேத்துலேருந்து வாயால சாப்பிடறாரு.”

அந்த ஆஸ்பத்திரியில் இருபது வருடமாகப் பெரிய டாக்டரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவர் முறைத்தார். பரிவாரம் பின்வாங்கியது. இவர் நகரவில்லை, முறைப்பு இரண்டாவது பொத்தானுக்கு மேலே நடந்துகொண்டிருந்ததால் இவருக்குத் தெரியவும் இல்லை. அன்று மாலை அந்த ஊசி நிறுத்தப்பட்டது. நிறுத்தியது தன் சொந்த யோசனை என்று பெரிய டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து இவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தான் சொன்ன ஒவ்வொரு திருத்தத்தையும் தேதி போட்டு எழுதி, எதிரே மூன்று கட்டங்களில் ஒன்றில் குறி போடுவார். ‘ஏற்றுக்கொண்டார்’, ‘முறைத்தார்’, ‘எனக்கு முன்பே தெரியும் என்றார்’. மூன்றாவது கட்டம்தான் நிரம்பி வழிகிறது. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. “யாருக்குத் தெரிஞ்சா என்ன? நோயாளி உடம்புக்குத் தெரியாம இருந்தாச் சரி” என்பார்.

இப்படி ஊரையெல்லாம் கேள்வி கேட்டவரை ஒரு மாத்திரை திருப்பிக் கேட்டது சென்ற மழைக்காலத்தில்.

ஏழாம் படுக்கைக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்று மூன்று வருடம். நுரையீரலில் சளி கட்டி, மூச்சு முட்டி, வந்த அன்றே தொண்டைக்குள் குழாய் விட்டு மூச்சு இயந்திரத்தோடு இணைத்துவிட்டார்கள். வழக்கமாக என்னென்ன மாத்திரை சாப்பிடுவார் என்று வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் கேட்க வேண்டியது நம்மவரின் வேலை. இந்த வேலையில் அவரை அடிக்க ஆளில்லை.

“வீட்டுல இருக்குற மாத்திரை எல்லாம் கொண்டுவந்தீங்களாம்மா?”

அந்த அம்மாள் துணிப்பையை மடியில் கவிழ்த்தார். இருமல் மருந்து பாட்டில் இரண்டு, எப்போதோ செத்துப்போன நாயின் பூச்சி மாத்திரை, மூன்று ரேடியோ பேட்டரி, ஒரு சட்டைப் பொத்தான், கடைசியில் பாதி கிழிந்த ஒரு மாத்திரை அட்டை.

“இது எதுக்குச் சாப்பிடறாரு?”

“பிரஷருக்கு. காலைல ஒண்ணு. ரோஸ் மாத்திரை.”

“பேரு?”

“பேரெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எங்கிட்ட ரோஸ்னுதான் சொல்லுவாரு. ரோஸை எடு, ரோஸ் தீந்துபோச்சு, ரோஸை மறந்துட்டேன். முதல்ல நான்கூட வேற எவளோன்னு நெனச்சேன்.”

நம்மவர் சிரிக்கவில்லை. வேலையில் இருந்தார். பூதக்கண்ணாடியை வைத்துக் கிழிந்த அட்டையைப் படித்தார். பெயரின் முன்பாதி இருந்தது; பின்பாதி கிழிசலோடு போயிருந்தது. முன்பாதி போதும், ரத்த அழுத்தத்துக்கு எல்லோரும் சாப்பிடுகிற சாதாரண மருந்துதான். எத்தனை வருடமாக, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, மறந்தால் என்ன செய்வார், உப்பு எவ்வளவு, தூக்கம் எப்படி என்று அரைமணி நேரம் கேட்டு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு உள்ளே போனார். அந்த அம்மாளுக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்ததுபோல் இருந்தது.

நான்கு நாளில் கண்டக்டரின் சளி குறைந்தது, ரத்த அழுத்தம் ஏறியது. “வீட்டு மாத்திரையையே ஆரம்பிங்க, மூக்குக் குழாய் வழியா” என்று பெரிய டாக்டர் எழுதினார். நம்மவர் அந்தச் சீட்டைப் பார்த்தார். அளவு சரி. சிறுநீரகத்துக்கு ஒத்துப்போகும். மற்ற மருந்தோடு சண்டை போடாது. பச்சை மையில் ஒரு டிக் போட்டார். ஐசியூவில் அந்த டிக் விழுந்த மருந்தை யாரும் மறுபடி யோசிப்பதில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு மாத்திரை போயிற்று. பத்துக்கு மானிட்டர் அலறியது. நூற்று எழுபதில் இருந்த பிரஷர் எழுபதுக்கு விழுந்திருந்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சலைன் ஏற்றி, பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மதியத்துக்குள் ஆளை மீட்டார்கள். அந்த நேரத்தில் நம்மவர் வகுப்பில் இருந்தார். மாலைக்குள் பிரஷர் தானாக ஏறிவிட்டது. இரவில் நூற்று எண்பது. ஆகவே செவ்வாய்க்கிழமை காலையும் மாத்திரை கொடுத்தார்கள். பத்துக்கு மறுபடி எழுபது.

வெளியில் மனைவியிடம் உதவி டாக்டர் போய், “கொஞ்சம் சீரியஸாத்தான் இருக்கு. சொந்தக்காரங்க யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடுங்க” என்றார். அந்த அம்மாள் போனைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார், யாரையும் கூப்பிடவில்லை.

உள்ளே எல்லோருமாகச் சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள், குற்றமில்லை. வயிற்றில் ரத்தம் கசிகிறதா என்று தேடினார்கள், இல்லை. ரத்தத்தில் புதிய கிருமி புகுந்திருக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் தீர்ப்புச் சொல்லி, வலுவான வேறொரு ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பித்தார். அதன் அளவு அதிகம் என்று நம்மவர் மதியம் முழுக்க அவரோடு மல்லுக்கட்டினார். கடைசியில் ஜெயித்தார். நோட்டில் ‘ஏற்றுக்கொண்டார்’ கட்டத்தில் குறி போட்டு, அன்றைக்கு வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனார்.

புதன்கிழமை காலை ஒன்பதுக்குச் சற்று முன்னால், ஏழாம் படுக்கையின் நான்காவது குழாயை விசாரித்துக்கொண்டிருந்தவரின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. டக், டக், டக். திரும்பிப் பார்த்தார். மருந்து மேஜையில் தலைமை நர்ஸ் பீங்கான் கிண்ணத்தில் மாத்திரையைப் போட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு இடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கிண்ணத்தில் ரோஸ் பொடி.

“என்ன சிஸ்டர், இந்தப் பாடுபடறீங்க?”

“இந்த ரோஸ் சனியன்தான் மேடம். மேல ஓடு மாதிரி இருக்கு. பொடியாக்கறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுது. மூணு நாளா இதோட போராட்டம்.”

மேல் ஓடு.

நம்மவரின் விரல் நான்காவது குழாயிலேயே நின்றுவிட்டது. அந்த மாத்திரையின் மேல் ஓடு எதற்கென்று அவருக்குத் தெரியாதா? நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இருபத்து நான்கு மணி நேரம் வேலை செய்ய வேண்டிய மருந்தைப் பூட்டி வைத்திருக்கும் ஓடு அது. அதை உடைத்துப் பொடியாக்கிக் குழாயில் ஊற்றினால், ஒரு நாளுக்கான மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கும். பிரஷர் எழுபதுக்கு விழாமல் என்ன செய்யும்? அட்டையின் கிழிந்த பாதியில் இருந்திருக்க வேண்டியது அந்த வகையைச் சொல்லும் இரண்டு எழுத்து. எழுத்து போனால் என்ன? சீட்டில் எழுதியிருந்த அளவில் அந்த மருந்து மெல்லக் கரையும் வகையில் மட்டும்தான் வருகிறது. போன மாதத் தேர்வில் பதினான்காவது கேள்வி. சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்.

“நிறுத்துங்க!”

பதினேழு வருடக் கண்ணாடிக் குரல். பத்துப் படுக்கையிலும் தலை திரும்பக்கூடியவர்களெல்லாம் திரும்பினார்கள். அவர் ஓடிப்போய்க் கிண்ணத்துக்குள் கையை விட்டு குழவியைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் புரிந்ததும் தலைமை நர்ஸின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “குழாய் வழியா குடுக்கச் சொல்லி எழுதியிருந்துச்சே மேடம்… முழு மாத்திரை எப்படிப் போகும்? இடிச்சுத்தானே… என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?”

நம்மவர் சீட்டை எடுத்துப் பார்த்தார். ‘மூக்குக் குழாய்’ என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே, வால் நீண்டு, கர்வமாக, ஒரு பச்சை டிக். அந்த ஆஸ்பத்திரியில் பச்சை மையில் எழுதுகிற ஆள் ஒருவர்தான். வேறு யாரிடமும் பச்சைப் பேனா கிடையாது.

பத்தரைக்குப் பெரிய டாக்டர் வருவதற்குள் அவர் செய்தவை: மாத்திரையை நிறுத்தச் சொல்லி எழுதினார். அதே மருந்தில் இடிக்கத் தகுந்த வகை இருக்கிறதா, எந்த அளவில், எத்தனை வேளை என்று கணக்குப் போட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். பிறகு ஊழியர் கழிவறைக்குள் போய்க் கதவைப் போட்டுக்கொண்டார். அங்கே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். “சார், நர்ஸுங்களுக்கு இந்த வகை மாத்திரை பத்தி ஒரு வகுப்பு எடுக்கணும்.” நன்றாகத்தான் இருந்தது. பொய்யும் இல்லை. இன்னொரு முறை சொன்னார். குனிந்தே சொன்னதால் கண்ணாடியில் தன் முகம் தெரியவில்லை. நிமிர்ந்து சொல்லிப் பார்த்தார். வாயில் வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

பத்தரை. ஏழாம் படுக்கை. பெரிய டாக்டர் மானிட்டரைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். மறுபடி மானிட்டரைப் பார்த்தார். அவர் முகத்தில் அபூர்வமாக ஒரு புன்னகை.

“பாத்தீங்களா? இன்னைக்கு பிரஷர் விழல! நான் அப்பவே சொல்லல? புதுக் கிருமி. ஆன்டிபயாட்டிக்கை மாத்தினேன், இருபது மணி நேரத்துல கண்ட்ரோல் ஆயிடுச்சு. இதான் அனுபவம்ங்கறது. எழுதிக்குங்க.”

உதவி டாக்டர்கள் இருவர் எழுதிக்கொண்டார்கள்.

“சார்…”

“அளவு பத்தி நேத்தே பேசியாச்சும்மா.”

“அளவு இல்ல சார். ஆன்டிபயாட்டிக்கே இல்ல. பிரஷர் மாத்திரை இன்னைக்குக் குடுக்கல. அதான் விழல.”

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன.

“ஏன் குடுக்கல?”

“அது இடிக்கக் கூடாத மாத்திரை சார். மெல்லக் கரையற வகை. ரெண்டு நாளா இடிச்சுக் குழாய்ல விட்டிருக்கோம்.”

“யார் இடிச்சது?”

தலைமை நர்ஸ் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

“சிஸ்டர் இடிச்சாங்க. இடிக்கலாம்னு நான் டிக் போட்டிருந்தேன். என் தப்புதான் சார். அளவைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியும். பாத்தேன், ஆனா பாக்கல.”

“நீங்களா?” என்றார் பெரிய டாக்டர்.

“நான்தான் சார்.”

“நீங்க?”

“ஆமா சார்.”

“கேள்வித்தாளா?” பெயர் அவருக்கும் தெரிந்திருக்கிறது. வாய் தவறி வந்துவிட்டது. பரிவாரத்தில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள்.

பெரிய டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பச்சை டிக்கைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த கிறுக்கலைப் பார்த்தார். அது தன் கையெழுத்து என்று கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று. ‘வீட்டு மாத்திரை, மூக்குக் குழாய் வழியாக’. அவர் பொத்தானைப் பார்த்தபடி நின்றிருந்த நம்மவருக்கு அந்த மார்பு ஒருமுறை ஏறி இறங்குவது தெரிந்தது.

“ஆர்டர் நான் போட்டேன், டிக் நீங்க போட்டீங்க, சிஸ்டர் இடிச்சாங்க. ஊரையெல்லாம் ஏத்தி இறக்கின கண்டக்டரை, நம்ம மூணு பேருமாச் சேந்து பாதி வழியில இறக்கிவிடப் பாத்திருக்கோம்” என்றார். பிறகு உதவி டாக்டர்கள் பக்கம் திரும்பி, “அனுபவம்னு எழுதினீங்களே, அதை அடிச்சிடுங்க” என்றார்.

வெளியில் போய்ச் சொல்ல வேண்டியது இருந்தது. பெரிய டாக்டர் முன்னே நடந்தார், பின்னாலேயே கீச் கீச். பெஞ்சிலிருந்த அம்மாள் இவர்கள் இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் எழுந்து, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மோசமான செய்தி என்றுதான் நினைத்தார். பெரிய டாக்டர் சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னார்.

அந்த அம்மாளுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம். “ரெண்டு நாளா நான் உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஊருக்கெல்லாம் சொல்லுன்னு சொன்னாங்களே! ரோஸையா இடிச்சீங்க? அதைக் கடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, அப்படியே முழுங்கணும்னு அந்த மனுசன் ஆயிரம் தடவை சொல்லியிருக்காரே!”

“உங்களுக்குத் தெரியுமா?” என்றார் நம்மவர்.

“தெரியும். நீங்க உப்பைக் கேட்டீங்க, தூக்கத்தைக் கேட்டீங்க. இதைக் கேக்கலியேம்மா.”

அவர் தலையை ஆட்டினார். இரண்டு பக்கம் எழுதிய குறிப்பில், அரைமணி நேர விசாரணையில், அது ஒன்று இல்லை. “கேட்டிருக்கணும்மா. மன்னிச்சுக்குங்க” என்றார். அந்த அம்மாள் பையைப் பெஞ்சில் வைத்தார். “இப்ப எப்படி இருக்காரு? அதைச் சொல்லுங்க” என்றார்.

அன்று மாலை தவறு அறிக்கைப் படிவத்தில், நடந்ததை எழுத நான்கு வரி இடம் விட்டிருந்த இடத்தில், தனித்தாள் ஒட்டி இரண்டு பக்கம் எழுதினார். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார். அவர் முதல் நொடியில், திருப்பிக் கேள்வி கேட்கத் தன் வாழ்நாளின் பெரிய வாய்ப்பு வந்துவிட்டதாகத்தான் நினைத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டார். “எங்கிட்ட கத்துக்கறவங்க எல்லாரும் மூணு கண்ணாடியும் பாப்பாங்க. பாத்துட்டு நேராப் போய் இடிப்பாங்க” என்றார். “அப்புறம்?” “அப்புறம் ஒழுங்கா ஓட்டுவாங்க. இடிக்காதவன்தான் எனக்குப் பயம்.” ஆறுதல் சொல்கிறாரா, தொழில் பேசுகிறாரா என்று இவருக்குத் தெரியவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் மருந்து மேஜையில் பீங்கான் கிண்ணத்தைக் காணோம். கேள்வித்தாள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இடிக்க வேண்டியவர்கள் மாத்திரையோடு வந்து அவரிடம் கேட்டு வாங்கிப் போக வேண்டும். மூன்று நாள் ஐசியூ இதைப் பொறுத்துக்கொண்டது. நான்காம் நாள் தலைமை நர்ஸ் வந்து, “மேடம், தப்பு செஞ்சது நாம. கிண்ணம் என்ன பண்ணுச்சு?” என்றார். கிண்ணம் விடுதலையாயிற்று. அதற்குப் பதிலாக, இடிக்கக் கூடாத அறுபத்து மூன்று மாத்திரைகளின் பட்டியல் மேஜைக்கு மேலே சுவரில் ஏறியது. அவர் நோட்டிலும் நான்காவதாக ஒரு கட்டம் கோடு போடப்பட்டது. தலைப்பு ‘நான்’. இதுவரை அதில் இரண்டு குறிகள்.

ரோஸ் மாத்திரையை நிறுத்திய ஐந்தாம் நாள் கண்டக்டருக்குத் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். கட்டைக் குரலில் முதலில் கேட்டது ஜன்னலோரப் படுக்கை. வார்டுக்கு மாற்றிய அன்று சக்கர நாற்காலியில் போகும்போது, வழியில் நின்றவர்களையெல்லாம் “உள்ள தள்ளி நில்லுங்க” என்று ஒதுக்கிக்கொண்டே போனார். அந்த அம்மாள் பின்னாலேயே நடந்தார். நம்மவரைத் தாண்டும்போது நின்று, புது மாத்திரை அட்டையைக் கையில் வைத்து, “இது மஞ்சளா இருக்கு. இதை இடிக்கலாமா?” என்று கேட்டார். குரலில் விறைப்பு இருந்தது. இருந்தாலும் கேட்டார்.

அடுத்த வாரம் ஒரு மதியம். படுக்கை விரிப்புகள் வைக்கிற அறையாக இருந்து நம்மவருக்குக் கொடுக்கப்பட்ட சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு முக்காலி. பெரிய டாக்டர் உள்ளே வந்தார். அந்த அறைக்கு அவர் வந்ததே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த காலண்டரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் நான்கு நிமிடம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட நான்கு மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“தெரிஞ்சவரு ஒருத்தரு. அம்பத்தெட்டு வயசு. மூட்டு வலிக்கு இது. பிரஷருக்கு இது ரெண்டு. இன்னொண்ணு… அவரே வாங்கிச் சாப்பிடறாரு. கொஞ்ச நாளா கால் வீங்குதாம்.”

நம்மவர் அட்டைகளைப் பார்த்தார். பிறகு அவருடைய ஷூவைப் பார்த்தார். இரண்டு ஷூவிலும் நாடா கட்டப்படாமல், நாக்கு வெளியே தள்ளிக் கிடந்தது. வெளியே நடையில் நர்ஸுகள் இருவர் ஏதோ பேசியபடி வந்துகொண்டிருந்தார்கள். நம்மவர் வழக்கம்போல் கழுத்தைச் சாய்த்து, உரக்கக் கேட்க வாயைத் திறந்தார்.

திறந்த வாயை மூடிக்கொண்டார். எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.